மஞ்சள் ஒட்டும் தாள்

அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவானதும், பத்திரிகை என் பொறுப்பு என்று யாரும் சொல்லாமலே ஆகிவிட்டது. நான் தாய்மாமன். புத்தக அட்டையும் அழைப்பிதழும் வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். “எப்படி வேணும்னாலும் அடிடா. மஞ்சள் தடவினா ஒட்டணும்.”

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஐந்து வருடத்துக்கு முன் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு நான் செய்த பத்திரிகை, கடையில் தொட்டுப் பார்த்தவர்கள் எல்லாம் வியந்த பத்திரிகை. மேலே வெல்வெட் லேமினேஷன், அதன்மேல் எழுத்துக்கு மட்டும் பளபளக்கும் யூவி பூச்சு. சாமி முன்னால் தாம்பாளத்தில் வைத்து நான்கு மூலைக்கும் சித்தி மஞ்சள் தொட்டு வைத்தபோது, அது முத்து முத்தாகத் திரண்டு நின்றது. காய்ந்ததும் பொடியாக உதிர்ந்தது. உள்ளே வைத்த அரக்கு நிற அட்டையோ மடித்த இடத்தில் தோல் வெடித்து வெள்ளைக் கோடு காட்டியது. எண்ணூறு பத்திரிகையிலும் அந்தக் கோடு இருந்தது. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

இந்த முறை வடிவத்தைக் கணினியில் தொடங்குவதில்லை, தாளில் தொடங்குவது என்று தீர்மானித்தேன்.

முதலில் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. சென்னையில் கல்யாணப் பத்திரிகை என்றால் கால் தானாக அங்கேதான் போகும். தெருவின் இரண்டு பக்கமும் தாள் கடைகள், பத்திரிகைக் கடைகள். ரீம் ரீமாக ஏற்றிய வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். ஒரு கடையில் மாதிரிப் புத்தகங்களை எடுத்து முன்னால் அடுக்கினார்கள். முத்துப் பளபளப்புள்ள மெட்டாலிக் தாள், துணி நெசவு போல வரி விழுந்த தாள், முட்டை ஓடு போன்றது, மரப்பட்டை போன்றது. மாதிரிப் புத்தகத்தில் இவை எல்லாமே அழகுதான். ஆனால் அதில் உள்ள துண்டு உள்ளங்கை அகலம். அந்தத் தாள் மடிந்தால் என்ன ஆகும், மை காய எவ்வளவு நேரம் பிடிக்கும், பேனாவால் கவரில் பெயர் எழுதினால் ஊறுமா என்பதெல்லாம் அந்தத் துண்டில் தெரியாது.

ஒவ்வொன்றிலும் ஒரு தாள் விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துத் தந்தாள். லேமினேஷன் செய்தவை எல்லாம் உடனே தோற்றன. அந்த மேல்படலம் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். தண்ணீரை அது ஏற்காது. ஆர்ட் பேப்பரின் பூச்சு மஞ்சளை மேலாக வாங்கித் திட்டுத்திட்டாகக் காட்டியது. பூச்சில்லாத தாள்கள் பிடித்துக்கொண்டன. எல்லாவற்றையும் விட நன்றாகப் பிடித்தது பருத்தியில் செய்த கைக்காகிதம். அதில் வியப்பில்லை. மஞ்சள் பருத்தி நூலுக்கு நேராக ஏறும் சாயம். வேட்டியில் விழுந்த மஞ்சள் கறை ஏன் போவதில்லையோ, அதே காரணம்தான்.

அடுத்த வாரம் புதுச்சேரிக்குப் போனேன். அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959 முதல் அங்கே இயங்குகிறது. அந்த ஊருக்கும் கைக்காகிதத்துக்கும் உள்ள உறவு பழையது. இந்தத் தொழிலுக்கு மரம் வெட்ட வேண்டியதில்லை. பனியன் தைக்கும்போது விழும் வெட்டுத்துணிதான் மூலப்பொருள். அதைச் சிறு சிறு துண்டாக நறுக்கி, தண்ணீரோடு சேர்த்துப் பல மணி நேரம் அடித்துக் கூழாக்குகிறார்கள். கூழ்த் தொட்டியில் சல்லடைச் சட்டத்தை முக்கி எடுத்து, நீர் வடியும்போதே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஒரு குலுக்கு. அந்தக் குலுக்கலில்தான் இழைகள் நாலா பக்கமும் பின்னிக்கொள்கின்றன. பிறகு துணிமேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி, கொடியில் காயப்போடுவது.

என் சித்தப்பா மகன் பத்திரிகை ஏன் வெடித்தது என்பதற்கு விடை அந்தக் குலுக்கலில் இருந்தது. ஆலைத் தாள் வேகமாக ஓடும் கம்பி வலைமேல் உருவாவதால், இழைகள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படுக்கின்றன. அச்சகத்தில் அதை கிரெயின் என்பார்கள். கிரெயினோடு மடித்தால் தாள் பணியும். குறுக்காக மடித்தால், அதிலும் தடித்த அட்டையாக இருந்தால், மேல்பூச்சு விரிசல் விடும். ஒரு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்தால் அது குழலாகச் சுருளும். குழல் எந்தத் திசையில் நீள்கிறதோ அதுதான் கிரெயின். பத்து நொடி வேலை. அன்று நான் செய்யவில்லை. தாளை மிச்சப்படுத்த அட்டையைத் திருப்பி வெட்டச் சொன்னவன் நானே.

கையால் குலுக்கி எடுத்த தாளில் இந்தத் திசைச் சிக்கல் மிகக் குறைவு. உருளை இயந்திரத்தில் எடுத்ததையும் கைக்காகிதம் என்றே விற்கிறார்கள். அதில் கிரெயின் உண்டு. வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் எடுத்தது 22-க்கு 30 அங்குலத் தாள், 250 ஜிஎஸ்எம். சதுர மீட்டருக்கு 250 கிராம் என்று பொருள். விரித்தால் 7-க்கு 10 அங்குலம் வரும் பத்திரிகை ஒரு தாளில் ஒன்பது கிடைக்கும். அறுநூறுக்கு 67 தாள். வீணாவதற்கும் சேர்த்து 80 வாங்கி, சுருட்டாமல், இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு சிவகாசிக்கு ரயில் ஏறினேன்.

சிவகாசிக்கு அச்சு வந்த கதை தீப்பெட்டியில் தொடங்குகிறது. 1920களின் தொடக்கத்தில் அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். மழை குறைந்த வறண்ட ஊர் என்பது தீக்குச்சி காய்வதற்கும் மை காய்வதற்கும் ஒன்றுபோல உதவியது. இன்று நாட்காட்டி, டைரி, நோட்டு, அட்டைப்பெட்டி என்று அந்த ஊர் அடிக்காத பொருளே இல்லை.

நான் தேடிப் போனது பெரிய ஆப்செட் கூடத்தை அல்ல. ஃபாயில், எம்பாஸ், பஞ்சிங் மட்டும் செய்யும் ஒரு சின்னக் கொட்டகை. நண்பர் வழியாகத் தெரிந்த இடம். உரிமையாளர் அண்ணாச்சி வடிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மெஷின்காரரிடம் நீட்டினார். அவருக்கு அறுபது வயதிருக்கும். நாற்பது வருடமாக ஹைடல்பர்க் விண்ட்மில் ஓட்டுகிறவர். காற்றாடி இறக்கைபோல் இரண்டு கைகள் சுழன்று, ஒன்று தாளை எடுத்து வைக்க, மற்றொன்று அச்சான தாளை எடுத்துப் போடும் இயந்திரம். மையச்சு அடித்தால் மணிக்கு ஐயாயிரம் வரை ஓடும். ஃபாயிலுக்கு அவ்வளவு வேகம் கூடாது. சூடு தாளில் இறங்க அவகாசம் வேண்டும்.

அவர் பார்த்தது ஒரே ஒரு வரியை. திருமண அழைப்பிதழ் என்ற தலைப்பை, மெல்லிய எழுத்தில், 12 பாயின்டில், தங்க ஃபாயிலுக்கு என்று வைத்திருந்தேன்.

“தம்பி, இந்த மூணுசுழி அடைச்சுக்கிடும். புள்ளியும் நிக்காது.”

ஏன் என்று காட்டினார். ஃபாயில் என்பது மெல்லிய பாலியெஸ்டர் படலம். அதன் அடியில் விடுபடும் மெழுகு அடுக்கு, நிறம், ஆவியாக்கிப் படிய வைத்த அலுமினியம், கடைசியில் சூட்டில் ஒட்டும் பசை. தங்கம் ஒரு துளியும் இல்லை. அலுமினியத்தின்மேல் மஞ்சள் பூச்சு இருப்பதால் கண்ணுக்குத் தங்கம். பிளாக் என்னும் சூடான அச்சுத் தகடு அழுத்தும் இடத்தில் மட்டும் அது தாளில் இறங்க வேண்டும். ஆனால் எழுத்துச் சுழிக்குள் இருக்கும் இடைவெளி மிகச் சிறிதானால், சுற்றியுள்ள சூடு அங்கேயும் ஃபாயிலை இறக்கிவிடும். ண, ணை, ஞ போன்ற எழுத்துகள் தங்கக் கட்டிகளாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியோ அதற்கு எதிர். தனியாக நிற்கும் சின்னப் புள்ளிக்குச் சொரசொரப்பான தாளில் பிடிமானம் கிடைக்காமல் போகலாம். ஆங்கில எழுத்துக்குச் சொல்லப்படும் அளவுகளை அப்படியே நம்பித் தமிழை வடிவமைக்கிறோம். தமிழின் சுழிகளுக்கும் புள்ளிகளுக்கும் அந்த அளவு போதாது. இதை எந்த வடிவமைப்புப் பாடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அன்று மாலை விடுதி அறையில் அந்த வரியைத் திரும்ப வரைந்தேன். 20 பாயின்ட். சுழிகளைக் கையால் திறந்துவிட்டேன். புள்ளிகளைப் பெரிதாக்கி எழுத்திலிருந்து சற்றே விலக்கினேன். வடிவத்தில் வைத்திருந்த கோபுரத்தின் வண்ணப் படத்தை எடுத்துவிட்டேன். பூச்சில்லாத பருத்தித் தாள் மையைக் குடித்துவிடும், பச்சையும் நீலமும் மங்கிப் போகும் என்று அண்ணாச்சியும் சொல்லிவிட்டார். பிள்ளையார் சுழியும் தலைப்பும் ஃபாயில், மற்றதெல்லாம் அரக்கு மை ஒன்றே என்று முடிவாயிற்று. தாளின் ஓரத்தில் இயல்பாக இருக்கும் பிசிறை அப்படியே விட ஆசைப்பட்டேன். இயந்திரம் தாளை நிறுத்திப் பிடிக்க நேரான ஓரம் வேண்டும் என்பதால் அதுவும் போயிற்று.

மறுநாள் பிளாக் வந்தது. அறுநூறு பிரதிக்குத் துத்தநாகமே போதும், பித்தளை வேண்டாம் என்றார்கள். மெஷின்காரர் சூட்டை 110 டிகிரியில் வைத்துத் தொடங்கினார். முதல் தாளில் பிள்ளையார் சுழியின் வால் இறங்கவில்லை. அவர் சூட்டைக் கூட்டவில்லை. அழுத்தம் விழும் பக்கத்தில், அந்த வால் வரும் இடத்துக்கு நேராக, டிஷ்யூ தாளை நகத்தால் கிழித்து ஒட்டினார். இன்னொரு தாள் ஓட்டிப் பார்த்து, அதன்மேல் அதைவிடச் சிறிய துண்டு ஒன்று. மொத்தமாகச் சூட்டைக் கூட்டினால் மற்ற எழுத்தின் விளிம்பு கலங்கும் என்பது அவர் கணக்கு. இப்படி முக்கால் மணி நேரம். அதற்குப் பிறகுதான் வால் முழுசாக இறங்கியது. செலோடேப்பை ஒட்டிப் பிரித்துப் பார்த்தார். தங்கம் தாளிலேயே நின்றது.

அதற்குப் பின் நடந்ததுதான் நான் அங்கே கண்டவற்றில் பெரிது. இருபது தாள் ஓடியதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். சிலவற்றில் எழுத்து ஆழமாகக் குழிந்தது, சிலவற்றில் பட்டும் படாமலும் இருந்தது. கைக்காகிதம் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒரே 250 ஜிஎஸ்எம் கட்டில் தடிப்பு கூடும், குறையும். அவர் வெட்டி வைத்த அத்தனை அட்டைகளையும் மேசைமேல் கொட்டி, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஓடவிட்டு, மூன்று அடுக்காகப் பிரித்தார். தடித்தது, நடுத்தரம், மெலிந்தது. கருவி எதுவும் இல்லை. எழுநூறு அட்டை. இடது சுட்டுவிரலின் நுனி அவருக்கு இல்லை. பஞ்சிங் மெஷினில் போனது என்று அண்ணாச்சி பிற்பாடு சொன்னார். அந்தக் கையால்தான் பிரித்தார். ஒவ்வொரு அடுக்குக்கும் அழுத்தத்தைத் தனித்தனியாக வைத்து ஓட்டினார்.

“கூலி ஒண்ணுதானே, எதுக்கு அண்ணே இவ்வளவு?” என்று மெஷின்காரரிடம் கேட்டேன்.

“தாள் நல்ல தாளா இருக்கு தம்பி. கெடுக்க மனசு வரலை” என்றார்.

பக்கத்து வீட்டுத் திண்ணையில் நான்கு பெண்கள் கவர் ஒட்டினார்கள். நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி. கவருக்கு 120 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் தந்திருந்தேன். ஒரு அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தயாராக இருந்த பசையை ஒதுக்கிவைத்துவிட்டு மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையைக் கெட்டியாக எடுத்தார். தண்ணியான பசை இந்தத் தாளில் ஊறி மறுபக்கம் கறையாகத் தெரியும், கெட்டியாக இருந்தால் ஓரத்திலேயே நிற்கும் என்றார். மடிப்பை மூங்கில் பட்டையால் ஒரே இழுப்பில் அழுத்தினார். வளையல் தாளில் உரசாதபடி முழங்கைவரை ஏற்றிவிட்டிருந்தார்.

செலவு பற்றிச் சொல்ல வேண்டும். தாள் விலை ஆலை அட்டையை விடக் கூடுதல்தான். ஆனால் லேமினேஷன் இல்லை, யூவி இல்லை, நான்கு வண்ணம் இல்லை. மொத்தத்தில் பழைய பத்திரிகைக்கு ஆனதைவிடப் பெரிய வித்தியாசம் வரவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு பிளாஸ்டிக் படலம் ஒட்டுவது தேவையில்லாத வேலை என்பது இப்போது என் உறுதியான கருத்து. மஞ்சள் ஏறாது, பேனா ஏறாது, குப்பைக்குப் போனால் திரும்பக் கூழாக்குவதும் கடினம். அதிகம் கைமாறும் புத்தக அட்டைக்கு அது வேண்டும். ஒரு மாதம் வாழும் பத்திரிகைக்கு வேண்டியதில்லை.

பத்திரிகைக் கட்டு வந்த அன்று அக்கா குளித்துவிட்டு வந்து, முதல் பத்திரிகையைச் சாமி முன்னால் வைத்து நான்கு மூலைக்கும் மஞ்சள் வைத்தாள். விரல் ரேகையோடு பதிந்தது. மேலே விபூதியும் குங்குமமும் இட்டு குலசாமி கோயிலுக்கு எடுத்துப்போனார்கள். கல்யாணம் முடிந்து பல மாதமாகியும் பூஜை அறையில் அந்த ஒன்று மட்டும் இருக்கிறது. மஞ்சள் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, உதிரவில்லை.

வடிவமைக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவதற்கு முன், தாளையும் வடிவத்தையும் எடுத்துக்கொண்டு ஒருமுறை மெஷின்காரரிடம் போய் நில்லுங்கள். அவர் சொல்லும் குறையை அங்கேயே உட்கார்ந்து திருத்துங்கள். ஆடிப்பெருக்குக்கு முன்னால் போங்கள். அன்று நாட்காட்டி மாதிரிகளின் ஆல்பம் வெளியாகிவிட்டால், பிறகு மார்கழிவரை சிவகாசியில் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது.