எந்தப் பியானோ உசத்தி?

"இருப்பதற்குள் எந்தப் பியானோ உசத்தி?" என்று யாராவது கேட்டால், "எந்தப் பாட்டுக்கு?" என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். கேட்டவர்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஒரே பாட்டை அக்கா பாடினால் ஒரு விதம், தங்கை பாடினால் ஒரு விதம். அதற்காக ஒருத்திக்கு மார்க்கைக் குறைத்தால் வீட்டில் சமாதானம் நிலைக்குமா? கச்சேரி மேடையில் வைக்கும் பெரிய பியானோக்களும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாரீரம் உண்டு.

1853-ம் வருஷத்தில் ஊருக்கு ஒன்றாக மூன்று பியானோக் கம்பெனிகள் பிறந்தன. நியூயார்க்கில் ஸ்டைன்வே, பெர்லினில் பெக்ஸ்டைன், லீப்ஸிக்கில் புளூத்னர். வியன்னாவின் போஸெண்டார்ஃபர் இவற்றுக்கெல்லாம் மூத்தது, 1828-ல் தொடங்கியது. இத்தாலியின் ஃபட்ஸியோலி கடைக்குட்டி, 1981-ல் வந்தது. கடைக்குட்டி என்றாலும் அதன் பெரிய பியானோ 308 சென்டிமீட்டர் நீளம்! ஸ்டைன்வேயின் பெரிய பியானோ 274-தான்.

சாரீரம் ஏன் மாறுகிறது? வெண்கலப் பானையைத் தட்டிப் பாருங்கள். பிறகு மண்பானையைத் தட்டிப் பாருங்கள். சமாசாரம் விளங்கிவிடும். ஸ்டைன்வேயின் வெளிச்சட்டம், கடினமான மரத் தகடுகளை அடுக்கி ஒட்டி வளைத்தது. அது நாதத்தைத் தான் விழுங்காமல் சபைக்கே திருப்பி அனுப்புகிறது. எழுபது எண்பது வாத்தியங்கள் பின்னால் முழங்கினாலும் ஸ்டைன்வே கணீரென்று கேட்பதற்கு இது ஒரு காரணம். போஸெண்டார்ஃபரிலோ, நாதப் பலகைக்கு உபயோகிக்கும் ஸ்ப்ரூஸ் மரத்தையே சட்டத்துக்கும் தாராளமாக உபயோகிக்கிறார்கள். அதனால் பெட்டி முழுவதும் சேர்ந்து பாடுகிறது. மந்திர ஸ்தாயியில் ஒரு குழைவு, ஒரு கனிவு.

சாதாரணப் பியானோவுக்கு 88 கட்டைகள். போஸெண்டார்ஃபர் 'இம்பீரியல்' பியானோவுக்கு 97. கூடுதலான ஒன்பதும் அடி ஸ்தாயியில் இருக்கின்றன. அவற்றைத் தொடுகிற பாட்டு அபூர்வம். ஆனாலும் மற்றத் தந்திகள் ஒலிக்கும்போது இவையும் கூடவே அதிர்ந்து நாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. புளூத்னர் செய்த தந்திரம் இன்னும் அழகு. மேல் ஸ்தாயியில் மூன்று தந்திகளுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒரு தந்தி. அதை எந்தச் சுத்தியும் அடிப்பதில்லை. மற்றவை பாடுவதைக் கேட்டுத் தானே முணுமுணுக்கிறது!

மரமும் தந்தியும் மட்டும் போதாது. சுத்தியின் தலையில் அழுத்தமான கம்பளி இருக்கிறது. வாசித்து வாசித்து அது இறுகினால் நாதம் கூர்மையாகிக் காதைக் குத்தும். பியானோவைப் பராமரிக்கிறவர் ஊசியால் அதைக் குத்தி இளக்குவார். ஆகையால் ஒரே கம்பெனியின் இரண்டு பியானோக்கள்கூட ஒரே மாதிரி பேசுவதில்லை.

பெரிய வித்வான்களுக்கு இது தெரியும். ஹங்கேரியில் பிறந்த ஆண்ட்ராஷ் ஷிஃப், பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் இசைத்தட்டில் பதிவு செய்தபோது, சிலவற்றை ஸ்டைன்வேயிலும் சிலவற்றை போஸெண்டார்ஃபரிலும் வாசித்தார். "எது உசத்தி" என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. எதற்கு எது பொருந்தும் என்றுதான் பார்த்தார்.

நல்ல பியானோ கிடைக்காவிட்டால்? 1975 ஜனவரி 24-ந் தேதி, ஜெர்மனியின் கொலோன் நகரில் கீத் ஜாரட்டின் கச்சேரி. அவர் கேட்டது இம்பீரியல்; மேடையில் இருந்ததோ ஒத்திகைக்கு வைத்திருந்த சின்னப் பியானோ. மேல் ஸ்தாயி கிறீச்சிட்டது. கீழ் ஸ்தாயியில் பலமில்லை. வாசிக்க மாட்டேன் என்றார். கச்சேரியை ஏற்பாடு செய்த, இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் அவரைக் கெஞ்சி இணங்க வைத்தாள். மணிக்கணக்காக அதைச் சுருதி சேர்த்துச் செப்பனிட்டார்கள். அவரும் பெரும்பாலும் நடு ஸ்தாயியிலேயே நின்று, இடது கையால் ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, குறையை மறைத்தார். அந்த இசைத்தட்டு லட்சக் கணக்கில் விற்றது.

பெரிய பியானோவின் அருமை இதனால் குறைந்துவிடாது. ஆனால் அடுத்த முறை கேட்கும்போது கம்பெனியின் பெயரைப் பார்க்காமல் கேளுங்கள். ஒரு ஸ்வரம் பிறந்த பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது, மெல்ல வாசித்தாலும் உயிர் இருக்கிறதா, கடைசியில் எப்படி அடங்குகிறது என்று கவனியுங்கள். உங்களுக்கு உகந்தது எது என்று உங்கள் காதே சொல்லிவிடும். அதன் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது!