தலைமையாசிரியர் தந்த பிறந்தநாள்

ஜூன் 1 அன்று முகநூலிலும் புலனத்திலும் வாழ்த்தியிருந்த அனைவருக்கும் நன்றி. தனித்தனியே மறுமொழி எழுத இயலவில்லை. அன்று நான் இத்தாலியின் வடகிழக்கு மூலையில், அட்ரியாட்டிக் கடலோரத்தில் உள்ள திரியெஸ்தே நகரில் தனியாக இருந்தேன். நன்றியோடு ஒரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். நான் பிறந்தது ஜூன் 1 அன்று இல்லை. அது என் ஊர்த் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் எனக்குத் தந்த நாள்.

அம்மாவின் கணக்கில் நான் பிறந்தது ஆவணி மாதம், சுவாதி நட்சத்திரம். விழுப்புரம் மாவட்டத்தில் மானாவாரி நிலக்கடலைக்குக் களையெடுக்கப் போகும் பெண்களுக்கு, கைக்குழந்தையைக் காட்டிலும் நடக்கத் தெரிந்த குழந்தைதான் பெருந்தொல்லை. வரப்பில் உட்கார வைத்தால் உட்காராது. வீட்டில் விட்டுச்செல்ல ஆளில்லை. பள்ளியில் நிழல் உண்டு, மதியம் சத்துணவு உண்டு. ஜூன் மாதம் அம்மா என்னை அழைத்துச் சென்றபோது எனக்கு ஐந்து நிறைய இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. தலைமையாசிரியர் என் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொன்னார். விரல் எட்டியது. சேர்க்கைப் பதிவேட்டில் ஜூன் 1 என்று எழுதினார். எங்கள் வகுப்பில் அந்த நாளில் பிறந்தவர்கள் ஒன்பது பேர். படிப்போரில் பலருக்கு இந்தக் கதை புதிதாக இராது. உங்கள் வகுப்பிலும் அத்தகைய ஒன்பது பேர் இருந்திருப்பார்கள்.

அந்நாளைத் திரியெஸ்தேயில் கழிக்க நேர்ந்தது திட்டமிட்டதன்று. அங்குள்ள அப்துஸ் சலாம் பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தில் பருவநிலை மாதிரிகள் குறித்த பயிலரங்கு வெள்ளிக்கிழமை முடிந்தது. புனேவிற்குத் திரும்பும் விமானம் செவ்வாய்க்கிழமைதான். இடையில் வந்த ஞாயிறு ஜூன் 1. உடன் பயின்றவர்கள் வெனிசுக்குக் கிளம்பினார்கள். நான் நகருக்குள் ஒரு சிறு விடுதிக்கு மாறிக்கொண்டேன். கடவுச்சீட்டை வாங்கிப் பதிவு செய்த முதிய பெண்மணி, அதிலிருந்த நாளைக் கண்டுவிட்டு ஞாயிறு காலை எனக்கு ஒரு வாழ்த்தும், சிறு கண்ணாடிக் குவளையில் பால்நுரை இட்ட காப்பியும் தந்தார். அவ்வூரார் அதைக் காப்போ இன் பி என்பர். இந்தப் பிறந்தநாளுக்காக ஒருவர் எனக்கு நேரில் ஒன்றை ஊட்டியது அதுவே முதன்முறை. வீட்டில் ஆவணிச் சுவாதிக்குத்தான் பாயசம்.

மையத்தைப் பற்றிச் சில சொற்கள். சலாம் 1951ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜிலிருந்து லாகூருக்குத் திரும்பிக் கற்பித்தார். தம் துறையில் பேசத் துணையின்றி, புதிய ஆய்விதழ்கள் வந்தெட்டாத சூழலில் இருந்தார். 1954இல் மீண்டும் கேம்பிரிட்ஜுக்கே சென்றார். நாட்டை விடுவதா, இயற்பியலை விடுவதா என்ற அந்தத் தேர்வு தமக்குப் பின்வருவோருக்கு நேரக் கூடாது என்று எண்ணினார். அதன் விளைவாக 1964இல் உருவானதே இம்மையம். வளரும் நாடுகளின் ஆய்வாளர்கள் சில வாரங்கள் வந்து தங்கி, பேசி, படித்துவிட்டுத் தத்தம் ஊருக்குத் திரும்பலாம். தானே நாடிக்கொள்ளும் தனிமையும் பிறர் நம்மீது சுமத்தும் தனிமையும் வெவ்வேறு என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர். என் ஞாயிற்றுக்கிழமை முதல் வகையைச் சேர்ந்தது. இரண்டாம் வகையைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

காலையில் மோலோ அவுதாச்சே என்னும் கற்பாலத்தில் நடந்தேன். நகரச் சதுக்கத்தின் பக்கத்திலிருந்து கால் கிலோமீட்டர் அளவுக்குக் கடலுக்குள் நீள்வது அது. கைப்பிடிச் சுவர் கிடையாது. 1740இல் அங்கே மூழ்கிய சான் கார்லோ என்ற கப்பலின் சிதைவின் மேல் கட்டியதால், முதலில் அக்கப்பலின் பெயரையே தாங்கியிருந்தது. 1918 நவம்பரில் அங்கு வந்து அணைந்த முதல் இத்தாலியப் போர்க்கப்பலின் பெயரைப் பின்னர் பெற்றது. நகரின் வரலாறும் இப்படித்தான். 1910இல் அந்நகரில் ஒரு குழந்தை பிறந்திருந்தால் அது ஆஸ்திரியப் பேரரசின் குடி. முதல் உலகப்போருக்குப் பின் இத்தாலியக் குடி. 1943இல் ஜெர்மானியர் ஆளுகை. 1945இல் நாற்பது நாள் யூகோஸ்லாவியப் படையின் ஆளுகை. அதன்பின் நேச நாடுகளின் இராணுவ ஆட்சி. 1947 முதல் 1954 வரை திரியெஸ்தே சுதந்திர ஆட்புலம். பிறகு மீண்டும் இத்தாலி. தெருவை விட்டு நகராமலே ஒருவருக்கு இத்தனை ஆவணங்கள். எது உண்மை என்று அவரைக் கேட்டிருந்தால், எல்லாமே என் பெயரில்தான் இருந்தன என்றிருப்பார்.

பிற்பகல் பழைய கலங்கரை விளக்கத்தை ஒட்டிய குளியல் கரைக்குச் சென்றேன். ஊர் வழக்கில் அதன் பெயர் பெதோச்சின். நூறாண்டுக்கும் மேலாக அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே ஓர் உயர்ந்த வெண்சுவர் கூழாங்கற் கரையைப் பிரித்து நீருக்குள்ளும் சற்றுத் தூரம் இறங்குகிறது. ஐரோப்பாவில் இப்படி ஒரு சுவரா என்று வியந்தவாறே உள்ளே போனேன். நுழைவுக் கட்டணம் ஒரு காப்பியின் விலைகூட இல்லை. பெண்கள் பக்கத்தில் பாட்டிமார் சீட்டாடிக்கொண்டும், உணவுப் பொதிகளைப் பிரித்துக்கொண்டும், ஒருவரை ஒருவர் உரக்க மறுத்துக்கொண்டும் இருந்தனர். எங்கள் ஊர்க் களத்துமேட்டை உப்புக்காற்றில் கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது. சுடிதாரோடு கழுத்தளவு நீரில் நின்றேன். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்ணொருத்தி தனியே கடலில் நிற்பதற்கு யாரும் காரணம் கேட்காத ஒரு பிற்பகல் எனக்கு வாய்த்ததில்லை. அந்தச் சுவரைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு முடிவான கருத்து உருவாகவில்லை. அந்த நீரைப் பற்றி உண்டு.

இனி அந்த இரண்டாம் வகைத் தனிமைக்கு வருகிறேன். முனைவர் பட்டத்துக்குப் பின் தொடரலாம் என்று ஈராண்டாக நான் மனத்தில் வைத்திருந்த ஒரு நல்கைக்கு வயது வரம்பு உண்டு. ஜூலை 1 அன்று 32 வயது நிறைவடைந்திருக்கக் கூடாது. ஆவணிக் கணக்கில் எனக்கு அன்று 31தான். ஆவணக் கணக்கில் ஜூன் 1 அன்றே 32 நிறைந்துவிட்டது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாயிற்று; வாய்மொழித் தேர்வு எஞ்சியுள்ளது. முதுகலைக்குப் பின் தம்பியின் படிப்புக்காக மூன்றாண்டு பள்ளியில் கற்பிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கே எழுந்திராது. நீங்கள் வாழ்த்திக்கொண்டிருந்த அதே நாளில் எனக்கு ஒரு கதவு மூடிக்கொண்டிருந்தது. நெறியாளரிடம் முன்பே பேசியிருந்தேன். பிறந்த தேதியைத் திருத்தக் கோரலாமே என்றார். பத்தாம் வகுப்பு முதல் முதுகலை வரையிலான அத்தனை சான்றிதழ்களும் அந்த ஒரு நாளின் மேல் நிற்கின்றன. அதை அசைக்க எனக்குத் துணிவும் இல்லை, விருப்பமும் இல்லை.

விருப்பம் இல்லாமைக்குக் காரணம் அன்று மாலைதான் தெளிவாயிற்று. கரையில் கால் நீட்டி அமர்ந்து அம்மாவை அழைத்தேன். ஊரில் இரவு ஒன்பதரை.

"என்னம்மா, சாப்டியா?" என்றார் வழக்கம்போல. இன்று என் சான்றிதழ்ப் பிறந்தநாள் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "அந்த வாத்தியார் அன்னிக்கு மாட்டேன்னிருந்தா, அடுத்த வருசம் நான் உன்னக் கூட்டிட்டுப் போயிருப்பனான்னு எனக்கே தெரியாது. கைக்கு ஆள் வேணும்னு காட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

அம்மா இதை இதுவரை என்னிடம் சொன்னதில்லை. அந்த இரண்டரை மாதம் இன்று என்னிடமிருந்து ஒரு நல்கையை எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் அந்த நல்கையைப் பற்றிக் கவலைப்படும் இடத்துக்கு என்னைக் கொண்டுவந்ததும் அதே இரண்டரை மாதம்தான். ஆவணிச் சுவாதியில் பிறந்தவள் அம்மாவின் மகள். ஜூன் 1இல் பிறந்தவள் பள்ளியின் மகள். இருவரில் ஒருத்தியைப் பொய் என்று என்னால் சொல்ல இயலாது.

என் துறையிலும் இப்படி ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் இயல்பான நாளும் ஜூன் 1தான். அது நீண்டகாலச் சராசரி. மழை மெய்யாகவே தொடங்கியதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவிப்பதற்கு வேறு அளவுகோல்கள் உள்ளன. மே 10க்குப் பின், தெரிவு செய்யப்பட்ட 14 நிலையங்களில் 60 விழுக்காடேனும் தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ மழை பெற்றிருக்க வேண்டும். கூடவே மேலைக்காற்றின் வலுவும், புவியிலிருந்து வெளியேறும் நெடு அலைக் கதிர்வீச்சின் அளவும் பொருந்த வேண்டும். இவ்வாண்டு, 2025இல், மே 24 அன்றே தொடக்கம் அறிவிக்கப்பட்டது. 2009க்குப் பின் இவ்வளவு முன்னதாக வந்ததில்லை. பருவமழைக்கும் ஏட்டில் ஒரு நாள், மண்ணில் ஒரு நாள். ஏட்டு நாள் பயனற்றதன்று. ஒப்பிடுவதற்கு அது வேண்டும். ஆனால் அந்த நாளைக் காட்டி எந்த மழையையும் நாங்கள் தகுதிநீக்கம் செய்வதில்லை.

நல்கைக் குழுக்களில் அமரும் பேராசிரியர்கள் சிலரேனும் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் எனக்காக எதையும் கேட்கவில்லை; என் விண்ணப்பக் காலம் கடந்துவிட்டது. ஆய்வாளரின் இளமையைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணுவதை விடுத்து, முனைவர் பட்டம் பெற்ற நாளிலிருந்து எண்ணலாம். ஐரோப்பாவின் மரி கியூரி நல்கை பட்டத்துக்குப் பின் எட்டு ஆண்டுவரை இடம் தருகிறது. பிறந்த தேதியைப் பொருட்படுத்துவதில்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வருவோர் நடுவில் வேலைக்குப் போவார்கள், தம்பி தங்கையரைப் படிக்க வைப்பார்கள், பிள்ளை பெறுவார்கள். அவர்களில் எத்தனையோ பேரின் பிறந்த தேதியை யாரோ ஓர் ஆசிரியர், நல்லெண்ணத்தோடு, ஒரு பிற்பகலில் எழுதியிருப்பார். அந்த நல்லெண்ணத்துக்கு முப்பது ஆண்டு கழித்து அவர்கள் தண்டம் கட்டக் கூடாது.

பட்டத்தின் நாளிலிருந்து எண்ணும் இரு அழைப்புகளைக் கண்டுவைத்திருக்கிறேன். ஒன்றுக்குச் செப்டம்பரில் கடைசி நாள். பிறந்த தேதி என்ற கட்டத்தில் ஜூன் 1 என்றே எழுதுவேன். அந்தத் தலைமையாசிரியர் இன்று இல்லை. அவர் வீட்டாருக்கு ஒரு கடிதம் எழுதி, இன்று காலைதான் அஞ்சலில் சேர்த்தேன்.