லோ லிவரும் இரண்டாம் கியரும்

பழவேற்காட்டில் என்னிடம் வண்டி பழக வரும் தம்பிகள் இப்போது முதலில் கேட்பது, "அண்ணே, மேனுவல் எடுக்கலாமா, ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா?" என்றுதான். மணலில் இறங்குகிறவன் அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: வண்டியில் லோ ரேஞ்ச் கியர், அதாவது 'லோ', இருக்கிறதா? நான்கு சக்கரமும் இழுத்தால் மட்டும் போதாது. 2020இல் வந்த மஹிந்திரா தாரில் லோ லிவரைப் போட்டால் இழுவை 2.48 மடங்காகும், மாருதி ஜிம்னியில் ஏறக்குறைய 2 மடங்கு. இன்ஜின் அதே சுற்றில் ஓடினாலும் சக்கரம் அந்த அளவுக்கு நிதானமாகச் சுழலும். இரண்டு வண்டியும் இரண்டு வகை கியரிலும் கிடைக்கின்றன. லோ இல்லாத வண்டியில் எந்த கியர்பாக்ஸ் இருந்தாலும், பாரத்தோடு எங்கள் மணலில் அது சூடாகிப்போகும்.

பாலம் தாண்டி லைட்ஹவுஸ் பக்கம் போனால் அரங்கம்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் என்று ஒரு பக்கம் ஏரியும் மறு பக்கம் கடலுமாகக் குப்பங்கள். ஐஸ் பெட்டி, வலை, படகு மோட்டார், இறால் கூடை என்று எல்லாம் மணல் தாண்டித்தான் போகவேண்டும். அந்த மணல் நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. விடியற்காலையில் பனி இறங்கிக் கெட்டியாக இருக்கும் தடம், மதிய வெயிலில் காய்ந்து பொலபொலத்துவிடும். காலையில் எளிதாகப் போன வழியாயிற்றே என்று மதியம் டயரில் அதே காற்றோடு போகக்கூடாது. ரோட்டில் 30 பவுண்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் டயரை 18க்கு இறக்கினால் டயர் அகலமாகப் படியும். திரும்ப ரோடு ஏறும்முன் காற்று பிடித்தே தீரவேண்டும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று வைத்திருந்தார். லோவில் போட்டு, முதல் கியரைத் தொடாமல் இரண்டாவதில் எடுப்பார். லோவில் முதல் கியருக்கு இழுவை மிதமிஞ்சியது. சக்கரம் பிடிக்கும் முன்பே மணலை வாரி எறிந்து குழி தோண்டிக்கொள்ளும். இரண்டாவதில் வண்டி அடங்கி நகரும். அவர் இடது கால் மெல்ல எழும்பி, கிளட்ச் பிளேட் பிடித்த நொடியில் பெடலை விட்டு முழுதாக விலகிவிடும். "கால வெச்சா முழுசா வை, எடுத்தா முழுசா எடு. நடுவுல நிக்காத" என்பார். ஹாஃப் கிளட்சில் வேகத்தைச் சமாளிக்கும் டவுன் பழக்கம் மணலில் ஒரே மதியத்தில் பிளேட்டைக் கருக்கிவிடும். தீய்ந்த வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மண்ணைத் தள்ளிவிட்டுப் பிறகு எடுங்கள்.

நிறுத்துவதிலும் அவர் கை தனி. பிரேக்கைத் தொடமாட்டார். ஆக்சிலேட்டரை விட்டால் மணலே வண்டியை நிறுத்திவிடும். பிரேக் மிதித்தால் டயருக்கு முன்னால் மணல் குவிந்து, அடுத்த முறை கிளம்பும்போது அந்தக் குவியல் மேல் ஏறவேண்டியிருக்கும். நிறுத்தும் இடத்தையும் சற்றே இறக்கமாகப் பார்த்து வைத்துக்கொள்வார்.

என்னிடம் பழகிய பையன் ஒருவன், பாரம் ஏற்றிய வண்டியில் மேட்டில் ஏறும்போது பாதியில் மூன்றாவது கியருக்கு மாற்றினான். கிளட்சை மிதித்த அந்த ஒரு நொடியில் வண்டி நின்று, பின் சக்கரம் அச்சு வரை புதைந்தது. ரோட்டில் கியர் மாற்றும்போது வண்டி தானாக உருளும், மணல் அப்படி உருளவிடாது. மேனுவலின் உண்மையான பலவீனம் இதுதான். ஒரு கியரைத் தேர்ந்து அந்தத் தடம் முடியும்வரை அதிலேயே போய்விடவேண்டும்.

இந்த இடத்தில் ஆட்டோமேட்டிக் ஜெயிக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அதிலுள்ள டார்க் கன்வர்ட்டர் ஆயில் வழியாகச் சக்தியைக் கொடுப்பதால் கிளம்பும்போது இழுவை கூடும், கியர் மாறும்போது அறுபடாது, பெடலை மிதித்துத் தேய்க்கக் கிளட்ச் பிளேட்டும் இல்லை. கியரை மேனுவல் நிலையில் இரண்டாவதில் கட்டிவைத்தால் அதுவாக மேலே மாறி இழுவையை விடாது. ஆனால் உராய்வின் சூடெல்லாம் ஆயிலுக்குப் போகிறது. சூட்டு விளக்கு எரிந்தால் இன்ஜினை அணைக்காதீர்கள்; நியூட்ரலில் ஓடவிடுங்கள். பம்பு சுற்றினால்தான் ஆயில் ஆறும். புதைந்த வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கும்போது, ஒவ்வொரு முறையும் முழுதாக நின்ற பிறகே டியிலிருந்து ஆருக்கு மாற்றவேண்டும்.

ஏ.எம்.டி வேறு சங்கதி. இரண்டு பெடல்தான் இருக்கும். உள்ளே இருப்பது அதே கிளட்ச் பிளேட், கால் மட்டும் எந்திரத்தினுடையது. மணலில் அது ஹாஃப் கிளட்சிலேயே தவிக்கும், அதை நாம் திருத்தவும் முடியாது. இந்த வேலைக்கு அதை வாங்கவே வேண்டாம்.

ஏரிப் பக்கம் கதை மாறும். வெயில் காலத்தில் நீர் வற்றிய திட்டின் மேலே காய்ந்த பொருக்கு தெரியும், அடியில் களி. நடந்து பார்க்காமல் சக்கரத்தை விடாதீர்கள். உப்புத் தண்ணீர் பட்ட வண்டியை அப்படியே வாரக்கணக்கில் நிறுத்தினால் பிளைவீலில் துரு பிடித்து பிளேட் ஒட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவி, கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவிட்டு நிறுத்துங்கள். நெடுநாள் நிறுத்துவதானால் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே கட்டை கொடுத்துக் கிளட்சை அமுக்கியே வையுங்கள்.

தினமும் பாரம் அடிக்கும் வண்டிக்கு நான் மேனுவலைத்தான் சொல்வேன். பிளேட் போனால் பொன்னேரியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து கியர்பாக்ஸை இறக்கி மாற்றிவிடுவார். பாட்டரி படுத்தால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோமேட்டிக் படுத்தால் கட்டி இழுப்பதுகூட யோசித்துச் செய்யவேண்டிய வேலை. எப்போதாவது மணலில் இறங்குகிறவருக்கும், முட்டி வலிக்காரருக்கும் லோவோடு கூடிய டார்க் கன்வர்ட்டர் போதும். ஆயிலைப் புத்தகத்தில் போட்டிருப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். எதை எடுத்தாலும் முதல் வாரம் பாரமில்லாமல், கூடவே ஒரு மண்வெட்டியும் ஒரு டிராக்டர்காரரின் போன் நம்பருமாக இறங்குங்கள்.