ஞாயிற்றுக்கிழமைச் சோறு

ரொறொன்ரோவில் பாதர்ஸ்ட் தெருவும் வில்சன் அவெனியூவும் சந்திக்கும் பகுதியை லிட்டில் மனிலா என்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, பெட்டி அனுப்பும் கடை, பேக்கரி, சலூன் என்று பிலிப்பினோ மக்களின் கடைகள் அங்கே நெருங்கி நிற்கின்றன. அந்தப் பக்கம் போனால் நான் தவறாமல் நுழைவது ஒரு சின்னப் பலசரக்குக் கடைக்குள். வாசலில் அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கும். கடைசி வரிசையையும் தாண்டிப் போனால், உறைந்த மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் ஆவி பறக்கும் கறித் தட்டங்கள். முன்னால் பிளாஸ்டிக் விரித்த சில மேசைகள். கடைக்குள்ளேயே ஒரு வீட்டுச் சாப்பாட்டுக் கடை. பிலிப்பினோ மக்கள் போய்க் குடியேறிய ஊர்கள் பலவற்றில் இந்த அமைப்பைப் பார்க்கலாம். அது ஏன் இப்படி அமைந்தது என்பது, அங்கே யார் வந்து சாப்பிடுகிறார்கள் என்று கவனித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

முதலில் சாமான்களைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தட்டு முழுவதும் வினாகிரி. கரும்பில் செய்தது, தென்னங்கள்ளில் செய்தது, சதுப்பு நிலத்தில் வளரும் நீப்பா பனையின் சாற்றில் செய்தது, மிளகாயும் பூண்டும் ஊறப் போட்டது. அடுத்த தட்டில் சோயா சோஸ், பாத்திஸ் எனப்படும் மீன் சாறு, இறால் குஞ்சை உப்பில் புளிக்க வைத்த பகோஓங். குளிர்பெட்டியைத் திறந்தால் முருங்கையிலை, துருவிய தேங்காய், மரவள்ளிக்கிழங்கு, பால்மீன், எலுமிச்சையிலும் சின்னதான கலமன்சி. இந்தப் பனி நாட்டில் முருங்கையிலைக்காகவே அங்கே போய்வரும் எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

வாழைப்பழக் கெச்சப் போத்தலை மட்டும் சும்மா கடந்துபோக முடியாது. அதற்குப் பின்னால் மரியா ஓரோசா இருக்கிறார். அமெரிக்காவுக்குப் போய் உணவு வேதியியல் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். வெளிநாட்டிலிருந்து டின்னில் வரும் உணவை நம்பியிருக்காமல் சொந்த மண்ணில் விளைவதைப் பதப்படுத்திச் சாப்பிடலாம் என்று கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தக்காளிக்குப் பதில் வாழைப்பழம் போட்ட கெச்சப் அந்த வேலையில் பிறந்தது. யுத்தக் காலத்தில் சோயாவில் சத்துமாவு செய்து, ஜப்பானியரின் தடுப்பு முகாமில் பட்டினி கிடந்தவர்களுக்கு இரகசியமாகக் கிடைக்கச் செய்தார். 1945 பெப்ரவரியில் மனிலாவில் நடந்த சண்டையில் இறந்துபோனார். பிள்ளைகள் பொரித்த கோழியின் மேல் ஊற்றிக்கொள்ளும் அந்தச் சிவப்புச் சோஸ் ஒரு பெரிய மனுஷியின் உழைப்பு.

இனிப் பின்பக்கம். இந்த வகைச் சாப்பாட்டுக் கடையைத் தூரோ-தூரோ என்கிறார்கள். மெனு அட்டை இல்லை. தட்டத்தைப் பார்த்து, வேண்டியதை விரலால் காட்டினால் அள்ளி வைப்பார்கள். வினாகிரியும் பூண்டும் மிளகும் பிரிஞ்சி இலையும் சேர்ந்து வெந்த அடோபோ, நிலக்கடலைக் குழம்பில் மாட்டுவால் போட்ட காரே-காரே, சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் வற்றவிட்ட லாயிங், பன்றி இரத்தத்தில் சமைத்த தினுகுவான். கரண்டி பிடித்து நிற்கும் அம்மாளை வருகிறவர்கள் எல்லோரும் ஆத்தே என்று, அக்கா முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள். நரைத்த தலையோடு நான் போய் நின்றால் "என்ன வேண்டும் கூயா?" என்று எனக்கு அண்ணன் முறை கிடைக்கிறது. சமையலுக்கு வேண்டிய போத்தலும் கீரையும் முன்பக்கத்துத் தட்டுகளிலிருந்தே வருகின்றன. எந்த வினாகிரியில் அடோபோ செய்தது என்று கேட்டால், "மூன்றாவது வரிசை, கீழ்த்தட்டு" என்று பதில் வரும். சாப்பிட்டுப் பார்த்து வாங்கிக்கொண்டு போகலாம்.

வேலைநாட்களில் மேசைகள் பாதி காலி. ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமிருக்காது, அதிலும் பெரும்பாலும் பெண்கள். அம்மா கடைசிக் காலத்தில் இருந்த முதியோர் இல்லத்தில், அவரைக் குளிப்பாட்டி, தலைவாரி, ஊட்டிவிட்ட பிலிப்பினோப் பெண் ஒருவர்தான் இந்தக் கடைக்கு முதலில் என்னைக் கூட்டிப் போனார். அவர் கனடாவுக்கு வந்தது வீட்டோடு தங்கிப் பராமரிப்பவர்களுக்கான திட்டத்தில். 1981இல் வேறொரு பெயரில் தொடங்கி, 1992இல் மாற்றி எழுதப்பட்ட திட்டம் அது. வேலை கொடுப்பவரின் வீட்டிலேயே தங்கியிருந்து 24 மாத வேலையை முடித்தால்தான் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க முடிந்தது. அந்த வழியில் வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பிலிப்பைன்ஸ் பெண்கள். சொந்தப் பிள்ளைகளைத் தாயிடமோ தங்கையிடமோ விட்டுவிட்டு, இங்கே வேறொருவர் பிள்ளைகளை வளர்த்தவர்கள் அவர்களில் பலர். வீட்டோடு தங்கியே ஆகவேண்டும் என்ற நிபந்தனை 2014இன் இறுதியில்தான் நீக்கப்பட்டது.

ஒரு வீட்டில் இருபத்துநான்கு மணி நேரமும் இருந்தும் அந்த அடுப்பு உங்களுடையது இல்லை என்றால் எப்படியிருக்கும்? அவர் சொன்னது இது: "பிள்ளைகளுக்கு பாஸ்தா, பெரியவருக்கு உப்பில்லாத சூப், எல்லாம் நான்தான். எனக்கு ஒரு கருவாடு பொரிக்க முடியாது. மணம் மாடிக்குப் போய்விடும். வாரம் முழுக்கச் சமைக்கிறவளுக்கு ஒரு நாளாவது வேறு யாராவது சமைத்துப் போட வேண்டாமா?" விடுமுறை நாளில் பஸ் பிடித்து இங்கே வருவாராம். காலையில் பணம் அனுப்பிவிட்டு, தேவாலயத்துக்குப் போய்விட்டு, நேரே இந்த மேசை. அவருக்கு அன்று சமையலறை என்று இருந்தது இது ஒன்றுதான். பலசரக்குக் கடைக்குள் அடுப்பு வந்ததற்கு வியாபாரக் காரணங்களும் இருக்கும். எனக்கு அவர் சொன்ன காரணமே போதும். அரிசியும் மீனும் விற்றால் மட்டும் அந்தப் பெண்களுக்கு என்ன பயன்? கொண்டுபோய்ச் சமைக்க அவர்களுக்கு அடுப்பு இல்லையே.

அவர் சாப்பிட்ட விதம் கண்ணில் நிற்கிறது. எடுத்தது சினிகாங். புளி கரைத்த தெளிந்த சாறு. அதில் பன்றி விலா எலும்பு, முள்ளங்கி, பயற்றங்காய், கத்தரிக்காய், கங்குன் கீரை, ஒரு நீளப் பச்சை மிளகாய். சேப்பங்கிழங்குத் துண்டு ஒன்றைக் கரண்டியின் பின்பக்கத்தால் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்து நசித்து, சாறு சற்றுத் தடிக்கும்வரை கலக்கினார். ஒரு சின்னத் தட்டில் பாத்திஸ் ஊற்றி, கலமன்சி பிழிந்து, மிளகாயை அதில் போட்டு நசுக்கினார். இறைச்சியை அதில் தொட்டுக்கொண்டார். சாற்றைக் கரண்டி கரண்டியாகச் சோற்றில் விட்டு, வலக்கையில் கரண்டியும் இடக்கையில் முள்ளுமாக, சோற்றை முள்ளால் தள்ளித் தள்ளிக் கரண்டியில் ஏற்றிச் சாப்பிட்டார். முதல் இரண்டு வாய் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் ஒரு கிண்ணம் வாங்கினேன், பால்மீன் போட்டது. பழப்புளியும் மீனும் கீரையும் ஒன்றாக வேகும் மணத்தில் எங்கள் ஒடியல் கூழ் நினைவுக்கு வந்தது. சாறு மட்டும் அதைவிடத் தெளிவு, புளிப்பு அதைவிடத் துணிச்சல்.

அடோபோதான் பிலிப்பைன்ஸின் தேசிய உணவு என்று உலகம் சொல்லிக்கொண்டிருக்க, மனிலாவின் பேராசிரியர் டோரீன் ஃபெர்னாண்டஸ் (1934–2002) சினிகாங்கின் பக்கம் நின்று எழுதினார். புளி இல்லாத இடத்தில் கொய்யா, மாங்காய், பிலிம்பிக்காய். இறைச்சிக்கு வசதியில்லாத வீட்டில் மீனோ இறாலோ. யாருடைய கைக்கும் யாருடைய காசுக்கும் வளைந்துகொடுக்கும் சமையல் அது என்பது அவர் வாதம். அவர் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். தட்டத்தில் முதலில் தீர்வதும் அதுதான்.

சாப்பாடு முடிந்தபின் அவர் கடையின் முன்பக்கம் போய்ப் பெட்டிக்குச் சாமான் எடுத்தார். பாலிக்பாயன் பெட்டி என்று பெயர்; நிறையச் சாமான் கொள்ளும் அட்டைப் பெட்டி. கப்பலில் போகும், எடை எதுவானாலும் பெட்டிக்கு ஒரே கட்டணம். உப்பிட்ட மாட்டிறைச்சி டின், சவர்க்காரம், கோப்பித்தூள், சொக்கலேட், துவாய், பிள்ளையின் சப்பாத்து. இடைவெளிகளில் சொக்ஸைச் சுருட்டிச் செருகுவார்கள். வருடக் கடைசியில் ஊர்போய்ச் சேரவேண்டிய பெட்டியைச் செப்டெம்பரிலேயே கட்டத் தொடங்குகிறார்கள். அந்த மாதமே கடையில் நத்தார்ப் பாட்டு ஒலிக்கத் தொடங்கிவிடும். வேலைக்கு ஆளை வெளியே அனுப்புவதை 1974இன் தொழிற்சட்டத்திலேயே எழுதி வைத்த நாடு பிலிப்பைன்ஸ். வெளிநாட்டிலிருப்பவர்கள் அனுப்பும் பணம் இப்போது ஆண்டுக்கு 30 பில்லியன் டாலரைத் தாண்டுகிறது. அந்தப் பெரிய எண்ணுக்குள் இவர் வாங்கிய ஒரு சோடிச் சப்பாத்துக் கணக்கு வராது. பெட்டியின் மூடியில் டேப் ஒட்டும்போது இரண்டு கையாலும் அழுத்தித் தடவினார், பிள்ளையின் முதுகைத் தடவுவதுபோல.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் கனடாவின் பிலிப்பினோ மக்கள் தொகை 9.5 லட்சத்துக்கும் மேல். சீஃபுட் சிட்டி என்ற அமெரிக்கச் சங்கிலிக் கடை 2017இல் மிசிசாகாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஸ்காபரோவில் ஜாலிபீ என்ற பிலிப்பைன்ஸ் துரித உணவகம் திறந்தபோது ஆட்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். அம்மாவைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கும் இப்போது சொந்த வீடு, சொந்த அடுப்பு. பிள்ளைகள் வந்துசேர்ந்து இங்கேயே வேலை பார்க்கிறார்கள். அவருக்கு இந்த மேசை இனி வேண்டியதில்லை. ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். வாடகை அறையில் மூன்று பேராகத் தங்குகிறவர்கள், இரவு வேலை முடித்து வருகிறவர்கள், வீட்டோடு தங்கும் வேலையை வேறு வழியில்லாமல் இன்றும் ஏற்கிறவர்கள். பெரிய கடைகளில் சாமான் மலிவு, வெளிச்சம் அதிகம், வண்டி நிறுத்தவும் இடம் உண்டு. ஒரு பெண் தனியாக வந்து உட்கார்ந்தால், "நேற்று ஏன் வரவில்லை, காய்ச்சலா?" என்று கேட்டு ஒரு கரண்டி சாற்றைக் கூடுதலாக ஊற்றும் ஆத்தே சின்னக் கடையில்தான் இருக்கிறார். இந்தக் கடைகள் மூடிவிடக் கூடாது.

ஆகவே அந்தப் பக்கம் போகிறவர்கள் முருங்கையிலையோடு திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பன்றி சாப்பிடாதவர்கள் பால்மீன் சினிகாங் கேட்கலாம். மரக்கறிக்காரர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். கீரைக்கறியிலும் இறால் கிடக்கும். ஞாயிறு என்றால் பன்னிரண்டு மணிக்கு முன்னால் போங்கள். சாப்பிட்டு முடிந்ததும் மேசையை விட்டுக்கொடுங்கள். பஸ் பிடித்து வேலை வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள் தட்டோடு காத்து நிற்பார்கள்.