டெட்ரிஸுக்கு ஒரு தீர்மானம்

1992ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் பிரிட்டனின் பாப் தரவரிசையில் இரண்டு வீடியோ கேம்கள் ஏறி உட்கார்ந்தன. ‘டாக்டர் ஸ்பின்’ என்ற புனைபெயரில் வந்த ‘டெட்ரிஸ்’ 6ஆம் இடம் வரை போனது. கொஞ்ச நாளில் ‘ஆம்பாசடர்ஸ் ஆஃப் ஃபங்க்’ என்ற பெயரில் வந்த ‘சூப்பர்மரியோலேண்ட்’டும் முதல் 10க்குள் நுழைந்தது. இரண்டுக்கும் மூலம் நிண்டெண்டோவின் கேம் பாய் என்ற கையடக்கக் கருவி. அதில் இரண்டு விளையாட்டுகளுக்கும் இசை செய்தவர் ஹிரோகாசு தனாகா என்ற ஒரே மனிதர். டாக்டர் ஸ்பின் யாரென்று தெரிந்தால்தான் கதை சுவைக்கும். அந்த முகமூடிக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் தயாரிப்பாளர் நைஜல் ரைட். இன்னொருவர், ‘கேட்ஸ்’, ‘ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பெரா’ எல்லாம் எழுதி லண்டன் வெஸ்ட் எண்டையே கையில் வைத்திருந்த ஆண்ட்ரூ லாயிட் வெபர்.

இந்தப் பாட்டை எனக்குப் போட்டுக் காட்டியவன் ஹாரோவில் இருக்கும் என் அக்கா மகன். பள்ளிக்கூடப் பையன். ராத்திரியெல்லாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய கேம் இசைகளை ரீமிக்ஸ் செய்வது அவன் வேலை. அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு வந்த விளையாட்டுகள் அவை. “இதுல லாயிட் வெபர் என்ன மாமா பண்ணியிருக்காரு? ட்யூன் அப்படியே இருக்கு, கீழ ஒரு பீட்டு, அவ்ளோதான்” என்றான். கேட்டுப் பார்த்தேன். பையன் சொன்னது சரிதான். டெட்ரிஸ் மெட்டுக்கு அடியில் அந்தக் காலத்து நடன அரங்குகளின் தடதட தாளம் ஓடுகிறது. அதே தாளத்தை ‘ஹேப்பி பர்த்டே’வுக்கு அடியில் போட்டாலும் ஓடும்.

இந்த ரீமிக்ஸ் உலகத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. மூலத்தை எவ்வளவு மாற்றலாம்? அப்படியே வாசித்தால் நகல் என்பார்கள். ரொம்ப மாற்றினால், இது வேறு பாட்டு, இதற்கு எதற்கு அந்தப் பேர் என்பார்கள். மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் மூலத்தின் சாயல் கேட்க வேண்டும் என்று விதி வைத்து, வினாடி வினாடியாகக் குறித்துக் கூட்டிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். என் மருமகனும் கொஞ்ச காலம் அப்படித்தான் கணக்கு வைத்திருந்தான். சங்கீதத்தைத் தராசில் நிறுக்கிற இந்த வேலை எனக்குப் பிடிபடவில்லை.

ஏனென்றால் மூலம் என்று எதைச் சொல்வது? டெட்ரிஸ் மெட்டு ‘கொரோபேய்னிக்கி’ என்ற ருஷ்ய நாட்டுப்பாட்டு. 1861இல் நெக்ராசோவ் எழுதிய நெடுங்கவிதை ஒன்றிலிருந்து வந்தது அதன் சாகித்தியம். ஊர் ஊராகத் துணிமணி விற்றுப்போகும் ஒரு வியாபாரியும் ஒரு பெண்ணும் பேரம் பேசுவதுதான் விஷயம். 1984இல் மாஸ்கோவில் பஜித்னோவ் டெட்ரிஸை உருவாக்கியபோது இந்த மெட்டு அதில் இல்லை. 1989இல் கேம் பாய் பதிப்பில் தனாகா அதைச் சேர்த்தார். அதே விளையாட்டின் இன்னொரு மெட்டு பாக்கின் பிரெஞ்சு சூட் ஒன்றிலிருந்து எடுத்தது. ஆக, தனாகாவே ஒரு ரீமிக்ஸ்காரர்தான். லாயிட் வெபர் செய்தது ரீமிக்ஸின் ரீமிக்ஸ்.

மெட்டுக்குள்ளேயே புகுந்து மாற்றுவது அவரால் முடியாததும் அல்ல. 1977இல் அவர் தம்பி ஜூலியனின் செல்லோவுக்காக ‘வேரியேஷன்ஸ்’ என்று ஒரு படைப்பு எழுதினார். லேட்டன் ஓரியன்ட் அணியின் கால்பந்து ஆட்டம் ஒன்றில் தம்பியிடம் பந்தயம் தோற்று, அதற்கு ஈடாக எழுதிக் கொடுத்தது. (நான் இருக்கும் ஈஸ்ட் ஹாமிலிருந்து அந்த அணியின் மைதானம் அதிக தூரமில்லை. உருப்படியான காரியத்துக்கு அந்த அணியும் ஒருமுறை காரணமாயிருந்திருக்கிறது.) மூலம் பகனினியின் 24ஆவது கப்ரிஸ். பிராம்ஸும் ரக்மானினோவும் ஏற்கெனவே பிழிந்து காயப்போட்ட மெட்டு. அதை எடுத்து ராக் இசைக்குழுவோடு செல்லோவைக் கலந்து அவர் செய்ததில் ஒவ்வொரு மாறுதலும் பகனினியின் வரியிலேயே ஒரு வளைவைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறது. அந்த மாறுதல்களைப் பெயர்த்து வேறு மெட்டில் வைக்க முடியாது. ஒரே ஆள், இரண்டு வேலை. ஒன்றில் சேர்த்த சரக்கு எந்தச் சோற்றுக்கும் ஆகிற ஊறுகாய். மற்றதில் அப்படி இல்லை.

என் அளவுகோல் இதுதான். புதிதாகச் சேர்த்ததைப் பிரித்தெடுத்து வேறொரு பாட்டில் ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டால், அது எத்தனை நிமிஷம் ஓடினாலும் புதுமைக் கணக்கில் வராது. ஒட்டவில்லையென்றால் நாலு ஸ்வரமானாலும் போதும்.

நம் சினிமா ரீமிக்ஸ்களை இதில் போட்டுப் பார்த்தால் நிறைய தேறாது. 2003இல் ‘குறும்பு’ படத்தில் யுவன் சங்கர் ராஜா தம் அப்பாவின் ‘ஆசை நூறு வகை’யை மறுபடி எடுத்து வழியைத் திறந்துவிட்டார். அதற்குப் பின் சில வருஷங்கள் தமிழ்நாட்டில் எந்தப் பழைய பாட்டும் நிம்மதியாகத் தூங்கவில்லை. பல்லவி பழசு, நடுவில் ஆங்கிலத்தில் ஒரு ராப், அடியில் குத்து. பாட்டுக்குப் பாட்டு அந்த நடுப்பகுதியை மாற்றி வைத்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. ஏ.ஆர்.ரஹ்மான் 2004இல் ‘நியூ’ படத்துக்கு ‘தொட்டால் பூ மலரும்’ செய்தபோது போன பாதை வேறு. வாலியின் வரிகளை வைத்துக்கொண்டு மெட்டை விட்டுவிட்டார். 1964 ‘படகோட்டி’யின் மெட்டை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்குக் கோபம். எனக்கு அது பிடித்திருந்தது. அவர் குறைந்தபட்சம் ஒரு சூதாட்டம் ஆடினார்.

மூலத்தை எவ்வளவு மாற்றலாம் என்ற கேள்விக்குப் பதில் நம் கச்சேரி மேடையில் ரொம்ப நாளாகவே இருக்கிறது என்பது என் எண்ணம். வெஸ்ட் கென்சிங்டனில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் பாரதிய வித்யா பவன் இருக்கிறது. மருமகன் அங்கே மிருதங்கம் கற்கிறான். கூட்டிப் போகிறவன் நான் என்பதால் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அடுத்த அறைப் பாட்டு வகுப்பைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப விரித்துப் பாடும் நிரவலைச் சொல்லிக் கொடுக்கும்போது வாத்தியார்கள் பிடிவாதமாக இருக்கும் இடம் ஒன்றுதான். வரியின் சொற்கள் தாளத்தில் உட்காரும் இடம் நகரக் கூடாது. வரி தொடங்கும் எடுப்பு நகரக் கூடாது. மற்றபடி ராகத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் போய் வா. நல்ல பாடகர் கால் மணி நேரம் சுற்றுவார். மூல மெட்டின் சங்கதி ஒன்றுகூடக் காதில் விழாது. ஆனாலும் அந்தக் கீர்த்தனை அந்தக் கீர்த்தனையாகவே இருக்கும். பாதிக்கு மேல் மூலம் இருக்க வேண்டும் என்று விதி போட்டால் அரியக்குடி காலத்திலிருந்து ஒருவரும் தேற மாட்டார்கள்.

ஆனால் அதே தாழ்வாரத்தில் என் அளவுகோலைக் கொஞ்சம் கோணவைத்த காரியமும் நடந்தது. சின்னப் பிள்ளைகள் நோட்டுஸ்வரம் பாடினார்கள். ‘சந்ததம் பாஹிமாம்’ ஆரம்பித்ததும் பெற்றோர் பக்கத்திலிருந்து சிரிப்பு. மெட்டு அச்சு அசல் இந்த ஊர் தேசிய கீதம். 1745இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் தாமஸ் ஆர்ன் ஒழுங்குபடுத்திப் பாடவைத்த மெட்டு, கம்பெனிப் பட்டாள வாத்தியத்தோடு மதராஸுக்கு வந்து, முத்துஸ்வாமி தீட்சிதர் காதில் விழுந்து, சமஸ்கிருத சாகித்தியத்தோடு அம்பாள் பாட்டாகி, இப்போது புறப்பட்ட ஊருக்கே திரும்பியிருக்கிறது. மெட்டில் தீட்சிதர் கை வைக்கவே இல்லை. எடைக்காரர்கள் கணக்கில் நூற்றுக்கு நூறு மூலம். என் கணக்கிலோ அதை எங்கே வைப்பதென்று விளங்கவில்லை. ராஜாவைக் காப்பாற்றச் சொன்ன மெட்டைத் தேவியிடம் கொண்டுபோய் நிறுத்தியதே பெரிய மாற்றம் என்று வாதாடலாம். எனக்கு அது வக்கீல் வாதமாகத்தான் படுகிறது. தீட்சிதரை அளக்காமல் விட்டுவிடுகிறேன்.

வீடியோ கேமுக்கே திரும்புவோம். கேம் இசையை ரீமிக்ஸ் செய்கிறவருக்குச் சினிமாப் பாட்டுக்காரருக்கு இல்லாத இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது, மூலம் பிறந்த இயந்திரம். 1982இல் வந்த கொமடோர் 64 கணினியில் சிட் என்ற ஒலிச் சில்லு. ஒரே நேரத்தில் மூன்று குரல்தான் அதற்கு. மெட்டுக்கு ஒன்று, அடிக்குரலுக்கு ஒன்று போனால், தாளத்துக்கும் மீதி எல்லாவற்றுக்கும் ஒன்று. அதனால் மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்க வேண்டிய இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி வாசித்துக் காதை ஏமாற்றினார்கள். அந்தப் படபடப்பு ஒரு பஞ்சத்தின் குழந்தை. பிறகு அதுவே அழகாகிவிட்டது. இன்று கணினியில் நூறு வயலினை அடுக்கி அந்த இடத்தில் முழு நாதத்தை ஊற்றினால் இசை பெருகும், படபடப்பு செத்துவிடும்.

இந்தச் சில்லின் மன்னர்களில் ஒருவர் ஹல் நகரத்து ராப் ஹப்பர்ட். அவருக்கும் மூலம் என்பது மிதித்து ஏறும் படிதான். ‘மான்ட்டி ஆன் தி ரன்’ மெட்டு, பிபிசி வானொலியின் பழைய துப்பறியும் தொடருக்கு முகப்பிசையாக இருந்த ‘டெவில்ஸ் கேலப்’பின் பாய்ச்சலிலிருந்து கிளம்பியது. 1985இல் ‘கமாண்டோ’ செய்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். அது டமாயோ கவமோட்டோ இசையமைத்த ஜப்பானிய ஆர்கேட் விளையாட்டு. இரவு அலுவலகத்துக்குப் போய், மூலத்தை ஒரு தடவை கேட்டுவிட்டு உட்கார்ந்து, விடிவதற்குள் முடித்து, காலையில் காசோலையை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆர்கேட் மெட்டு அதில் இருக்கிறது. ஆனால் அந்த மெட்டு எங்கே போக ஆசைப்பட்டதோ அங்கெல்லாம் ஹப்பர்ட் போயிருக்கிறார்.

மூலத்தை மாற்றுகிற விஷயத்தில் சட்டமும் ஒரு வேடிக்கை செய்கிறது. பிரிட்டனின் 1988 காப்புரிமைச் சட்டத்தில், ஒரு இசைப் படைப்பை மாற்றி அமைக்கும் உரிமை மூல உரிமையாளருடையது. மாற்றாமல் திரும்ப வாசிக்கிறவருக்குப் பணம் கட்டி ஒதுங்கிக்கொள்ள வழி இருக்கிறது. மூளையைச் செலவழித்தவர்தான் கைகட்டி நின்று அனுமதி கேட்க வேண்டும். கொரோபேய்னிக்கிக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. துணி விற்றவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

இரண்டாவது தொல்லைதான் எனக்குச் சுவாரசியமானது. கேம் இசைக்கு முடிவு கிடையாது. ஆட்டக்காரன் இரண்டு நிமிஷத்தில் தோற்பானா, இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு திணறுவானா என்று இசையமைப்பாளருக்குத் தெரியாது. அதனால் வால் தலையில் வந்து சேரும்படி வளையமாக எழுதுகிறார். மருமகன் பாஷையில் சொன்னால், “கேம்ல பாட்டு முடியாது மாமா, நாமதான் செத்துப்போவோம்.” ரீமிக்ஸ் செய்கிறவர் மூலத்துக்கு எவ்வளவு விசுவாசமாக இருந்தாலும் இந்த ஓர் இடத்தில் தானே யோசித்தாக வேண்டும். பெரும்பாலானவர்கள் ஒலியை மெல்லக் குறைத்து நழுவிவிடுகிறார்கள்.

நழுவாமல் செய்ததற்கு உதாரணம் லண்டனிலேயே உண்டு. 2013 மே 30ஆம் தேதி பார்பிகன் அரங்கில் லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா ‘ஃபைனல் சிம்ஃபனி’ என்ற நிகழ்ச்சியை வாசித்தது. ‘ஃபைனல் ஃபேன்டசி’ விளையாட்டின் 6, 7, 10ஆம் பாகங்களின் இசை. 6க்கும் 7க்கும் மூலம் நொபுவோ உவெமாட்சுவுடையது. ஃபின்லாந்தின் ஜோனே வால்ட்டோனெனும் ரோஜர் வனாமோவும், 10ஆம் பாகத்துக்கு அதன் மூல இசையமைப்பாளர்களில் ஒருவரான மசாஷி ஹமாவுசுவும் மறு அமைப்பு செய்தார்கள். பிற்பாடு அபே ரோடில் ஒலிப்பதிவும் ஆனது. அதைத்தான் நான் கேட்டேன். பிரபல மெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மாலை கட்டி, ரசிகர்கள் கைதட்டக் கைதட்ட வாசிக்கும் கச்சேரிகள் இதற்கு முன்பே இந்த ஊரில் நடந்திருக்கின்றன. இவர்கள் 10ஆம் பாகத்தைப் பியானோ கன்சர்ட்டோவாக்கினார்கள், 7ஆம் பாகத்தை மூன்று பகுதிச் சிம்ஃபனியாக்கினார்கள். சுற்றிச் சுற்றி வந்த மெட்டுகளுக்குப் பிறந்து வளர்ந்து முடிகிற வாழ்க்கை கிடைத்தது. சில இடங்களில் உவெமாட்சுவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விளையாடி வளர்ந்த சிலருக்கு அது ஏமாற்றமாயிருக்கலாம். அவர்களுக்கு அந்த மெட்டு காதில் மட்டுமா இருக்கிறது? கட்டைவிரலிலும் இருக்கிறது. விரல் நினைவு மாறுதலைச் சகிக்காது.

மருமகன் இப்போது கொரோபேய்னிக்கியைத்தான் செய்துகொண்டிருக்கிறான். முடிவு என்ன என்று கேட்டேன். மிருதங்கக்காரன் அல்லவா, பெருமையாக ஒரு தீர்மானம் போட்டிருந்தான். மூன்று முறை சொல்லி, கணக்காகச் சமத்தில் வந்து விழுந்தது. ஆதி தாளத்தில் இருக்கிற எந்தப் பாட்டுக்கும் இது சேரும், எடுத்துவிடு என்றேன்.

“நீங்கதானே மாமா புதுசா ஏதாவது பண்ணச் சொன்னீங்க?”

“அந்தப் பாட்டுல இருந்து பண்ணச் சொன்னேன்.”

முறைத்துக்கொண்டு போனவன் போன வாரம் வேறொன்று கொண்டுவந்தான். கட்டைகள் உச்சியை நெருங்கினால் டெட்ரிஸின் சில பதிப்புகளில் இசை வேகமெடுக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, பல்லவியைத் திரிகாலம் செய்வதுபோல் மெட்டை விளம்பத்தில் தொடங்கி இரட்டித்து, மறுபடி இரட்டித்து, வியாபாரியும் பெண்ணும் மூச்சு விடாமல் பேரம் பேசுகிற கதிக்குக் கொண்டுபோய், ஒரு வரியின் நட்டநடுவில் வெட்டிவிட்டான். எடுப்பு அந்தரத்தில் நிற்கிறது. வாத்தியார் கேட்டால் காதைத் திருகுவார். எனக்கு வேறு எந்தப் பாட்டிலும் அதை ஒட்ட முடியும் என்று தோன்றவில்லை.

சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, “என்னடா, கரண்ட் போயிடுச்சா?” என்றாள்.