ஆறு மில்லிமீட்டரும் கால் அங்குலமும்

"ரவுட்டர் வாங்கப் போறேன்" என்றால் எங்க லயத்தில் எல்லாரும் வைஃபை பெட்டி என்றுதான் நினைப்பாங்க. நான் சொல்வது மரவேலை ரவுட்டரை. பலகை ஓரத்தை உருட்ட, காடி எடுக்க, பெயர்ப்பலகையில் எழுத்து வெட்ட உதவும் மெஷின். ஹட்டன் பக்கம் பசங்க கையில் இருப்பது பெரும்பாலும் அதன் சின்னத் தம்பி, ட்ரிமர். வாங்கும்போது மெஷினைப் பற்றித்தான் எல்லாரும் பேசுறாங்க. ஆனால் மரத்தை வெட்டுவது பிட்.

பிட் வாங்கும்போது முதலில் அதன் தண்டைப் பாருங்க, வடிவத்தை அப்புறம் பார்க்கலாம். 6 மி.மீ. தண்டும் கால் அங்குலத் தண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ. அந்த 0.35இல்தான் நம்ம விரல் இருக்கு. கால் அங்குலக் கொலெட்டில் 6 மி.மீ. பிட்டைப் போட்டு முறுக்கினால் இறுகின மாதிரியே தெரியும். ட்ரிமர் நிமிஷத்துக்கு 30,000 சுற்று வரை சுத்தும். அந்த வேகத்தில் பிட் வழுக்கும், பறக்கவும் பறக்கும். அதனால் கடைக்குப் போகும்போது கொலெட்டைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்க.

ஆரம்பத்துக்கு மூணு பிட் போதும்: நேர் பிட், பேரிங் வைத்த ஓரம் உருட்டும் பிட், எழுத்துக்கு வி பிட். மலிவான பன்னிரண்டு பிட் செட்டை விட கார்பைட் முனை வைத்த இந்த மூணும் நாள்படக் கூர்மையாக இருக்கும்.

பிட்டை அடிவரை இறக்கி, 2 மி.மீ. மேலே இழுத்து இறுக்கணும். ஒரே தடவையில் ஆழமாக வெட்டாமல் 3 மி.மீ. 3 மி.மீ. ஆக இறங்கணும். உங்க பக்கத்து ஓரத்தில் மெஷினை இடமிருந்து வலம் தள்ளுங்க. மாற்றித் தள்ளினால் அது உங்களை இழுத்துக்கிட்டு ஓடும். நம்மகிட்ட அதிகம் கிடைக்கிறது சவுக்கு, அதாவது தேயிலைக்கு நிழல் தரும் கிரவிலியா. அது முனையில் பிய்யும். முதலில் குறுக்கு முனைகளை வெட்டி, பிறகு நீள ஓரத்தை வெட்டினால் பிய்ந்த மூலை தானாகவே போய்விடும். அதன் தூள் சிலருக்கு உடம்பு அரிக்கும். முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போட்டுக்கோங்க, கண்ணாடியும் கட்டாயம்.

லயத்துக்கு மேலே நிற்கிற சவுக்கு நமக்குச் சொந்தமில்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. மரமும் அவங்க கணக்கில்தான். நம்ம தாத்தா பாட்டி காலத்து மரத்தையே மரக்கடையில் பலகையாகக் காசு கொடுத்து வாங்குறோம். அப்படி வாங்கின பலகையில் ஒரு சாமித்தட்டோ கதவோ செய்து, அதற்கு நம்மளே ஒரு விலை சொல்றது சின்ன விஷயமில்லை. கொழும்புக் கடைக்குப் போகாமல் ஊரிலேயே நிற்க அது ஒரு வழி.

ஆனால் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று சொல்லித்தர எல்லாருக்கும் ஒரு ஆசாரி கிடைப்பதில்லை. பல பேர் வீடியோ பார்த்துத்தான் படிக்கிறாங்க. வீடியோவில் கொலெட் அளவை யாரும் நிறுத்திக் காட்டுறதில்லை. நம்ம அம்மாமார் விரலால் கொழுந்து கிள்ளித்தான் நம்மளை வளர்த்தாங்க. அந்த விரலோட மதிப்பு நமக்குத் தெரியும். பிட் மாற்றுவதற்கு முன்னால பிளக்கைக் கழற்றுங்க.