பந்து வீசுபவர் மட்டை பிடிக்க வேண்டுமா?

பேஸ்பால் ஆட்டத்தில் களம் காக்கும் ஒன்பது பேருமே மட்டையும் பிடிக்க வேண்டும் என்பதே அமெரிக்காவின் பழைய விதி. பந்து வீசுபவர்களோ மட்டை பிடிப்பதில் பெரும்பாலும் சோடை போனார்கள். ஆகவே 1973-ஆம் ஆண்டு அமெரிக்கன் லீக், அவருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே தனியாக ஒருவரை அனுமதித்தது. நேஷனல் லீக்கோ, 2020-ஆம் ஆண்டு நீங்கலாக, 2022 வரை இதை ஏற்கவில்லை. ஒரே ஆட்டத்திற்கு இரண்டு விதிகள், அதுவும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு!

நானும் ஸாப்ட்பாலில் பந்து வீசுபவள்தான். நான் மட்டையை எடுத்தால் தோழியர் கண்களை மூடிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட எனக்கு இவ்விதி இனிக்க வேண்டும். ஏனோ இனிக்கவில்லை. நன்றாகப் பந்து வீசுகிறவரை, ஓர் ஓட்டத்துக்காக மாற்றுவதா? வெளியேறியவர் மீண்டும் ஆட முடியாதே! பயிற்சியாளரின் இந்தத் தவிப்பில்தான் ஆட்டத்தின் சுவையே இருந்தது.

ஜப்பானிலிருந்து சென்ற ஷோஹெய் ஒதானி இரண்டிலும் வல்லவர். அவரைப் போன்றவர் பந்து வீச்சை நிறுத்திய பின்னும் மட்டை பிடிக்கலாம் என 2022-இல் விதியைத் திருத்தினார்கள். இதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. "உனக்குப் பதில் வேறொருத்தி அடிக்கட்டும்" என்று எங்கள் அணித் தலைவி சொல்லிப் பார்க்கட்டும், சண்டைக்கே போய்விடுவேன்!